சிலேட்டைக் கழுவியவன்

போன மாதம் ஒரு தம்பி என் வீட்டு வாசலில் பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த வண்டிக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் குறைவு. எங்கோ கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததை வாங்கி, இரண்டு வருஷம் பாடுபட்டுப் புதுசாக்கியிருக்கிறார். சிவப்புப் பெயின்ட் கண்ணைப் பறித்தது. முழங்கால் வலியோடு குனிந்து அடியில் பார்த்தேன். பெயின்ட் அவ்வளவு தூரம் போகவில்லை, கிரீஸும் போகவில்லை.

"ஐயா, அந்தக் காலத்துக் கார் வேலையெல்லாம் பாத்தவுங்கன்னு சொன்னாங்க. இதைப் பயமில்லாம ஓட்டலாம்னு ஒங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்" என்றார்.

சொல்ல மாட்டேன் என்றேன். முகம் சுண்டிப்போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். கிழவனுக்குத் திமிர் என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும். அந்த வார்த்தையை நான் என் தொழிலில் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறேன். ஏன் மறுமுறை சொல்வதில்லை என்பதை வாசலில் நின்றுகொண்டு விளக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த அந்த வருஷம்தான் நான் பட்டறையில் சேர்ந்தேன். தொழில் படித்த கதையை நீட்டப் போவதில்லை. எல்லோரையும் போல மண்ணெண்ணெயில் கை வெந்தது, திட்டு வாங்கினேன், நாலு வருஷத்தில் மெக்கானிக் ஆனேன். அப்போது ஊரில் பழைய கார்கள் நிறைய விலைக்கு வந்துகொண்டிருந்தன. பெரிய இடத்து வண்டிகள் சில. திருமயம் பக்கத்து வீடுகளில், யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கொட்டகையில் ஏற்றிக் கட்டைமேல் நிறுத்தி, பிறகு இறக்கவே இறக்காத வண்டிகள் சில. அவற்றை வாங்கி ஓடவைப்பதுதான் எங்கள் பட்டறையின் பிழைப்பு.

பட்டறைக்கு முதலாளி ஒருவர் உண்டு. அவர் கெட்டவர் இல்லை. நல்ல நாள், நல்ல நேரம், நல்ல சொல் இந்த மூன்றையும் தாண்டி உலகத்தில் எதுவும் நடக்காது என்று நம்பியவர், அவ்வளவுதான். வேலையைப் பார்த்துக்கொண்டது ஃபோர்மேன் சவரிமுத்து. ஐம்பது வயது, ஒடிசலான ஆள். காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைக் கூடத் திறந்து விடமாட்டார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. தப்பாகப் பூட்டிய நட்டைப் பார்த்தால், அதைக் கழற்றி உங்கள் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அறைந்திருந்தால் கூட அவ்வளவு உறைத்திருக்காது.

பழைய வண்டி வந்தால் எல்லோரும் முதலில் இன்ஜினைத்தான் திறப்பார்கள். சவரிமுத்து அண்ணன் இன்ஜினை இறக்கி மூலையில் வைத்துச் சாக்கைப் போட்டு மூடிவிடுவார். முதலில் பிரேக், பிறகு ஸ்டீயரிங், பிறகு சக்கரம், பிறகு விளக்கு ஒயர். இன்ஜின் அதற்குப் பிறகுதான். பெயின்டைப் பற்றிக் கேட்டால் கேட்டவரை ஒரு மாதிரி பார்ப்பார். பிரேக் வேலை முடிந்ததும் இன்ஜின் இருந்த இடத்தில் மணல் மூட்டைகளை ஏற்றி, பட்டறைக்குப் பின்னால் ஊருணிக்கு இறங்கும் சரிவில் வண்டியை நாங்கள் நாலு பேர் தள்ளிவிட வேண்டும். அவர் மட்டும் உள்ளே உட்கார்ந்திருப்பார். பாதிச் சரிவில் பிரேக்கை மிதிப்பார். இறங்கி வந்து, நாலு சக்கரமும் மண்ணில் இழுத்த கோடுகளைக் குச்சியால் அளப்பார். நாலும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒரு விரற்கடை கூடினாலும் மறுபடி கழற்ற வேண்டியதுதான். ஒரு வண்டிக்கு அப்படி பதினோரு முறை தள்ளியிருக்கிறோம். பன்னிரண்டாம் முறைதான் எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. வேலைக்கு வந்த ஒவ்வொரு வண்டியின் ஸ்டீயரிங்கிலும் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஒன்றைத் தொங்கவிடுவார். அந்த வண்டியில் எது இன்னும் முடியவில்லை, எது ஒப்புக்குச் செய்து வைத்தது என்பதைச் செய்தவனே அதில் எழுத வேண்டும். வேலை முடிந்ததும் அவர் பார்த்து, ஓட்டிப் பார்த்து, தன் கையால் துடைத்துக் கழற்றுவார். வேறு யாரும் துடைக்கக் கூடாது. சிலேட்டில் ஒரு எழுத்து இருந்தாலும் வண்டி வாசலைத் தாண்டாது. நாங்கள் மறைவில் அதைக் கிண்டல் செய்வோம். எமனுடைய ஓலை என்று பெயர் வைத்தது நான்தான்.

ஐம்பதுகளின் நடுவில் டாக்டரம்மா ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்தார். பெயர் ருக்மணி. தஞ்சாவூர்ப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும், குள்ளமான உருவம். பிரசவம் பார்ப்பதற்குக் கிராமம் கிராமமாகப் போகிறவர். குதிரை வண்டி கிடைத்தால் குதிரை வண்டி, இல்லாவிட்டால் பஸ், அதுவும் இல்லாவிட்டால் மாட்டு வண்டி. போய்ச் சேர்வதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது என்று, கொட்டகையில் கிடந்த சின்ன கார் ஒன்றை வாங்கிவிட்டார். தம்பியிடம் ஓட்டப் பழகியிருந்தார். ஆனால் பழைய வண்டி என்றதும் உள்ளுக்குள் உதறல். முதலாளி பெயின்ட் நிறங்களை எடுத்துக் காட்ட ஆரம்பித்தார். டாக்டரம்மா சவரிமுத்து அண்ணன் பக்கம் திரும்பினார்.

"கலர் எதுவா இருந்தாலும் சரி. நான் தனியா ஓட்டிட்டுப் போகணும். பயப்படாம ஓட்டணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க."

ஒரு பேச்சு அவ்வளவு பிடித்துப்போய் சவரிமுத்து அண்ணன் நின்றதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. நாலு மாதம் அந்த வண்டியோடு கிடந்தார். பிரேக் வேலையை என்னிடம் கொடுத்தார், அது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வண்டிக்கு எண்ணெய் பிரேக் கிடையாது. பெடலை மிதித்தால் ஒரு இரும்புக் கம்பி இழுக்கும். அந்தக் கம்பி குறுக்குத் தண்டைத் திருப்பும். அதிலிருந்து நாலு சக்கரத்துக்கும் நாலு கம்பிகள் போகும். பெடலையும் முதல் கம்பியையும் சேர்ப்பது விரல் நீளத்தில் ஒரு பின். கைப்பிரேக்குக்குத் தனிக் கம்பி.

டாக்டரம்மாவுக்குக் கால் எட்டவில்லை என்று சவரிமுத்து அண்ணன் பெடலில் மரக்கட்டை வைத்து, சீட்டை உயர்த்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை வரவழைத்து, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்வார். "கைப்பிரேக்கு" என்பார். கை சரியாகப் போக வேண்டும். "லைட்டு." "ஹாரன்." "மறுபடி கைப்பிரேக்கு." தடவித் தேடினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே செய்வார். மூன்றாவது வாரத்தில் தடவலே இல்லை. வந்தபோது இருந்த உதறலும் இல்லை.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் கடைசிப் பார்வை நடந்தது. வண்டிக்கு அடியில் படுத்திருந்த சவரிமுத்து அண்ணன் பெடல் பின்னைக் கழற்றச் சொல்லி, விரலால் உருட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. நான் பழைய பின்னையே போட்டு, சரிவில் ஓட்டியும் காட்டியிருந்தேன். பேசாமல் அதை என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு தானே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திருச்சி லேத்துப் பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கி வருவதாகச் சொன்னார். பூஜைக்கு லேத்தும் மூடிவிடும், ஊருக்குப் போய்விட்டுப் பூஜை கழிந்து இரண்டாம் நாள் பின்னோடு வருகிறேன் என்றார். அதுவரை கொட்டகைக்குள் வண்டியை முன்னே பின்னே நகர்த்துவதற்காக, மெல்லிய பின் ஒன்றைச் செருகி நழுவாமல் கட்டுக்கம்பியால் சுற்றி வைத்தேன். அவர் சொல்லச் சொல்லச் சிலேட்டில் எழுதினேன்: பெடல் பின் தற்காலிகம். வண்டியை எடுக்கக் கூடாது.

மறுநாள் பட்டறை முழுக்கக் கழுவும் நாள். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஆயுத பூஜை என்றால் பொங்கலைவிடப் பெரிசு. பானா, குறடு, திருப்புளி, ஜாக்கி எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கிவிடுவோம். மறுநாள் பூஜை முடிந்து முதலாளி எடுத்துக் கொடுக்கும் வரை ஒரு பானாவைக்கூட யாரும் தொட மாட்டோம். சரஸ்வதி பூஜையும் அதே நாள் என்பதால் எழுத்து வேலையும் கிடையாது. கணக்கு நோட்டும் பேனாவும் படத்துக்கு முன்னால் போய்விடும். முதலாளி ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"சிலேட்டெல்லாம் பிசுக்குப் புடிச்சுக் கெடக்கே. அதையும் கழுவி அங்கிட்டு வையிப்பா. அதுவும் ஆயுதந்தானே."

கழுவினேன். ஏழு சிலேட்டுகள். எல்லாவற்றையும் தொட்டித் தண்ணீரில் முக்கி, கரித்துண்டால் தேய்த்து, கறுப்பாகப் பளபளக்க வைத்து, மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்யவில்லை. காய்ந்ததும் திரும்ப எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் காய்ந்தபோது அது படத்துக்கு முன்னால் இருந்தது. சாக்பீஸ் டப்பாவும் அங்கேதான் இருந்தது. சாமி முன்னால் வைத்ததை எடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை. சவரிமுத்து அண்ணன் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்; அவர் இருந்திருந்தால் இரண்டையும் எடுத்திருப்பார், முதலாளியும் வாயை மூடிக்கொண்டிருப்பார்.

பூஜையன்று காலையில் முதலாளி டாக்டரம்மாவின் வண்டியை வரிசையில் முதலாவதாக நிறுத்தச் சொன்னார். வாழைக்கன்று கட்டி மாலை போட்டாயிற்று. அப்போது அவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன், பெடல் பின் இன்னும் சரியாக மாட்டவில்லை என்று. நான் சொன்னதற்கு ஒரு சாட்சியும் இல்லை. ஆனால் சொன்னேன்.

"கம்பி சுத்தியிருக்குல்ல? அப்பறம் என்ன? நல்ல நாளும் அதுவுமா வண்டியில வாயை வைக்காதே" என்றார்.

பத்து மணிக்குப் பூஜை முடிந்தது. டாக்டரம்மாவும் வந்திருந்தார். பொரிகடலைப் பொட்டலத்தோடு தன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அந்த நேரத்தில்தான் சைக்கிளில் ஒரு ஆள் வந்து இறங்கினார். குடுமியான்மலைப் பக்கத்துக் கிராமம். பெண்டாட்டி நேற்றிலிருந்து வலியில் கிடக்கிறாள், பிள்ளை இறங்கவில்லை, மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். நின்றபடியே ஆடிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா குதிரை வண்டியைக் கூப்பிடச் சொன்னார்.

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பூஜை போட்ட கையோடு ஒரு உயிரைக் காப்பாற்ற வண்டி புறப்படுகிறது, இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா? சாவியை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். டாக்டரம்மா சாவியை எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்தார். சிலேட்டு அங்கே இல்லை. அது இல்லை என்றால் வண்டி தயார் என்று நாலு மாதமாகச் சவரிமுத்து அண்ணன் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாணிக்கம், பிரேக் நீங்கதானே பாத்தது. பயப்படாம எடுத்துட்டுப் போகலாமா?"

முதலாளி எனக்குப் பின்னால் நின்றார். அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். குறடு பத்தடியில், சந்தனம் பூசிக்கொண்டு இருந்தது. அதை எடுத்து ஒரு ஆணியை மாட்டி வளைத்திருந்தால்கூட அன்றைக்குத் தாங்கியிருக்கும். இரண்டு நிமிஷ வேலை.

"பயப்படாம போங்கம்மா" என்றேன்.

நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும் நான்தான். வண்டி அவற்றை நசுக்கிக்கொண்டு கிளம்பிற்று. எல்லோரும் கை தட்டினார்கள்.

நடந்ததை வண்டியில் கூடப் போன அந்த ஆள்தான் பிறகு சொன்னார். ஊரை நெருங்கும்போது கம்மாய்க்கரை மேல் ஏறி மறுபக்கம் இறங்குகிறது ரோடு. இறக்கத்தில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. டாக்டரம்மா பிரேக்கை மிதித்தார். பெடல் சும்மா போய்த் தரையில் முட்டிற்று. ரோட்டின் குலுக்கலில் கட்டுக்கம்பி அறுந்து, பின் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. அவர் மறுபடி மிதித்தார், மறுபடியும் மிதித்தார். ஆட்டுக்காரப் பெண் ஒருத்தி நடுவில் நின்றுவிட்டாள். அவளை விலக்கத் திருப்பியதில் வண்டி கரையிலிருந்து இறங்கிப் பனைமரத்தில் மோதிக் கவிழ்ந்தது. ஆட்டுக்காரிக்குக் காயம் ஒன்றும் இல்லை. அந்த ஆளுக்கு நெற்றியில் அடி. டாக்டரம்மாவின் வலது முழங்கை இரண்டு இடத்தில் முறிந்தது. அந்த ஆள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மிச்ச தூரத்தை ஓடியே போனார். சாயந்திரம் பிள்ளை செத்துப் பிறந்தது. தாய் பிழைத்தாள். டாக்டர் போயிருந்தாலும் அது அப்படித்தான் ஆகியிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னவர்கள்தான் அவர்கள்.

போலீஸ் வந்தது. பிரேக் வேலைக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். ஃபோர்மேன் பொறுப்பு என்றார் முதலாளி. அது பொய் இல்லை. நான் கல் மாதிரி நின்றேன்.

இரண்டாம் நாள் சவரிமுத்து அண்ணன் வந்தார். ஊருக்குள் இறங்கும்போதே விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. நேராகச் சிலேட்டுகள் இருந்த இடத்துக்குப் போனார். ஏழும் சந்தனம் காய்ந்து வெடித்து, வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நான் எழுதச் சொன்னதை நீ எழுதினியாப்பா?"

"எழுதினேண்ணே."

"அப்ப எங்கிட்டுப் போச்சு?"

முதலாளி நாற்காலியிலிருந்தபடியே, வேலையை முடிக்காமல் ஊருக்குப் போனவருக்குக் கேள்வி எதற்கு என்றார். சவரிமுத்து அண்ணன் என் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் சந்தனத்தின் மஞ்சள் இன்னும் போகவில்லை. அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உடைந்திருப்பேன். சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, புதிதாகக் கடைந்த பின்னை என் உள்ளங்கையில் வைத்தார். ஆணியில் தொங்கிய தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதோடு சரி.

அடுத்த மாதம் என்னை ஃபோர்மேன் ஆக்கினார்கள். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது, கைச்செலவுக்கே தடுமாற்றம் என்று காரணங்கள் சொல்லலாம். சொல்லிப் பார்த்திருக்கிறேன், எனக்கு நானே. எடுபடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வண்டியிலும் சிலேட்டு மாட்டினேன். ஆயுத பூஜைக்குச் சிலேட்டைக் கழுவ யாரையும் விட்டதில்லை. கண்டிப்பான ஆள் என்று ஊரில் பெயர். விடைபெற்ற நாளில் மாலை போட்டு, என்னை நம்பி வண்டி எடுத்தவர்கள் எத்தனையோ பேர் என்று பேசினார்கள். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

டாக்டரம்மா கார் ஓட்டுவதை விட்டுவிட்டார், சீக்கிரமே ஊரையும் விட்டார். அறுபதுகளில் ஒரு முறை விராலிமலையில் லாரி ஒன்று நின்றுபோய், பார்க்கப் போயிருந்தேன். பஸ் நிற்கும் இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. வலது கை முழங்கையோடு மடங்கியே இருந்தது, நீளவில்லை. திரும்பிப் போய்விட நினைத்தேன். அதற்குள் அவரே பார்த்துவிட்டார்.

வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, எத்தனை குழந்தைகள் என்று விசாரித்தார். சவரிமுத்து எப்படி இருக்கிறார் என்றார். எங்கே இருக்கிறார் என்றே தெரியாது என்றேன். பட்டறையை விட்டுப் போன அன்றைக்கே அவர் டாக்டரம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாராம். சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போகாதது தன் தப்பு என்று மட்டும் எழுதியிருந்தாராம். வேறு யாரையும் பற்றி அதில் ஒரு வரி இல்லையாம்.

"அவர் மேல எனக்குக் கோபம் இல்லை மாணிக்கம். கண்ணை மூடிட்டுக் கைப்பிரேக்கைப் பிடிக்கத் தெரியும் எனக்கு. ஆனா அன்னைக்கு அது ஞாபகமே வரலை. பெடலை நம்பி அதையே மிதிச்சிட்டு இருந்தேன். பிரேக் சரியில்லைன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா, வழி முழுக்கக் கை அது மேலயே இருந்திருக்கும். மெதுவா ஓட்டியாவது போய்ச் சேர்ந்திருப்பேன்."

திருச்சி பஸ் வந்து நின்றது. டாக்டரம்மா பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்க பயப்படாம போங்கன்னு சொன்னதை நினைச்சு மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்க."

"ஆமாங்கம்மா" என்றேன்.

ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஏற அவருக்குச் சிரமமாக இருந்தது. பையை வாங்கி மேலே கொடுத்தேன். சிரித்துத் தலையசைத்தார், பஸ் போய்விட்டது.